சிற்றறையில் பிறந்த கருவி

கடற்பயணம் செய்வோர்க்கு இருளினும் கொடிய பகை மூடுபனி. இருளில் கலங்கரை விளக்கத்தின் ஒளி வழிகாட்டும். மூடுபனியிலோ அவ்வொளியும் மங்கி மறைந்துவிடும். கரை அருகே இருந்தும் அதனை அறியாது பாறையில் மோதிச் சிதைந்த கப்பல்கள் பல. ஆயினும், கண்ணுக்குப் புலப்படும் ஒளி செல்ல இயலாத இடத்திலும் கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலை செல்லும். அவ்வலையைக் கரையிலிருந்து அனுப்பி, கப்பலில் உள்ளதொரு கருவி அதனை உணருமாறு செய்தால், பனியும் இருளும் பயணத்திற்குத் தடையாகா. இன்று இவ்வுண்மை எல்லோரும் அறிந்ததே. ஆனால் அலையை உணரும் கருவியை எங்ஙனம் அமைப்பது, அதற்கு வேண்டிய உறுப்புகளை எங்கே தேடுவது என்பன 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர் பலரை மயக்கிய வினாக்கள்.

வானொலி ஏற்கும் கருவி ஒன்றைத் தன் கையாலேயே செய்து பார்க்க விரும்பும் மாணவன் இன்று கடைக்குச் சென்று கம்பிச் சுருள், மின்தேக்கி, ஒலிபெருக்கி முதலியவற்றை எளிதில் வாங்கிக்கொள்ளலாம். 1894ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் அத்தகைய பொருள்களை விற்பார் எவரும் இலர். அக்காலத்தில், தமக்கு வேண்டிய உறுப்புகளைத் தாமே கண்டுபிடித்துத் தாமே செய்துகொண்டு, மேனாட்டு அறிஞர்களும் வியக்கும் கருவியை உருவாக்கினார் ஒருவர். அவரே ஜகதீச சந்திர போஸ்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த மைமன்சிங் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திரர், பரீத்பூரில் துணை நீதிபதியாகப் பணிபுரிந்தவர். அந்நாளில் உயர்ந்த அலுவலில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை வங்காள மொழி கற்பிக்கும் ஊர்ப் பள்ளிக்கே அனுப்பினார். அங்கே மீனவர் மகனும் பணியாளர் மகனும் ஜகதீசருடன் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றனர். ஆற்றில் வாழும் உயிர்களைப் பற்றியும், காட்டில் வளரும் செடிகளைப் பற்றியும் அத்தோழர் கூறிய செய்திகளைச் சிறுவர் ஆவலோடு கேட்டார். நாளும் அவரைத் தோளில் சுமந்து பள்ளிக்குக் கொண்டு சென்றவனோ ஒரு காலத்தில் கொள்ளைக்காரனாய்த் திரிந்து, தண்டனை பெற்று, பின்னர் மனம் திருந்தி அவ்வீட்டில் பணியேற்றவன்.

பின்னர்ப் பகவான் சந்திரர் பர்த்வானுக்கு மாற்றப்பெற்றார். அப்பகுதியில் கொடிய காய்ச்சல் பரவிப் பலர் மாண்டனர். பெற்றோரை இழந்த சிறுவர் பலர் திக்கற்று நின்றனர். அவர்கள் உழைத்துப் பிழைப்பதற்கு வழிகாட்ட எண்ணிய பகவான் சந்திரர், தம் இல்லத்தைச் சார்ந்த நிலத்திலேயே தச்சுவேலை, உலோகவேலை முதலியன கற்பிக்கும் தொழிற்கூடம் ஒன்றை ஏற்படுத்தினார். அத்தொழிற்கூடமே ஜகதீசருக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. இரும்பு எவ்வாறு உருகும், மரம் எவ்வாறு இழையும், இரு உலோகத் துண்டுகளை எங்ஙனம் பொருத்துவது என்பனவற்றை அவர் கண்ணால் கண்டும் கையால் செய்தும் கற்றார். நூலறிவோடு கைத்திறனும் இளமையிலேயே அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் கருவியின் உறுப்புகளைத் தேடி அலைய வேண்டிய நிலை வந்தபோது, இக்கைத்திறனே அவருக்குத் துணை நின்றது.

கல்கத்தாவில் தூய சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் ஜகதீசர் பயின்றார். அங்கே லாபான் என்னும் பாதிரியார் பௌதிகம் கற்பித்து வந்தார். வெறும் சொல்லால் விளக்காது, கருவிகளைக் கொண்டு செய்து காட்டியே பாடம் நடத்துவது அவர் வழக்கம். அவரிடம் பயின்ற ஜகதீசருக்குப் பௌதிகத்தில் பற்று மிகுந்தது. பட்டம் பெற்றபின், மருத்துவம் கற்கும் நோக்கத்துடன் அவர் இலண்டன் சென்றார். ஆனால் முன்னரே அவரைப் பற்றியிருந்த காய்ச்சல், பிணங்களை அறுத்து ஆராயும் கூடத்தின் காற்றினால் மேலும் மிகுந்தது. மருத்துவப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் கற்கலானார். அங்கே புகழ்பெற்ற பௌதிக அறிஞராகிய ராலே பிரபு அவருக்கு ஆசிரியராய் அமைந்தார். ஆராய்ச்சி என்பது பொறுமையும் நுட்பமும் நிறைந்த தவம் என்பதை அவரிடம் ஜகதீசர் உணர்ந்தார்.

1885ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சி நிலவிய அந்நாளில், ஒரே பணியைச் செய்யும் இருவருள் ஆங்கிலேயர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்குத் தரப்பட்டது. போஸின் பதவி தற்காலிகமானது என்று கூறி, அதிலும் பாதியே அவருக்கு அளிக்க முன்வந்தனர். இவ்வேறுபாடு தமக்கு மட்டுமன்றித் தம் நாட்டுக்கே நேர்ந்த இழிவு என்று அவர் கருதினார். ஆயினும் பணியை விட்டு அவர் நீங்கவில்லை. வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று செவ்வனே பாடம் கற்பித்தார். திங்கள்தோறும் ஊதியத்தை மட்டும் பெற மறுத்தார். மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

அவ்வாண்டுகளில் அவர் செல்வச் செழிப்பில் இருந்தார் என எண்ணுதல் வேண்டா. தந்தையார் பிறர் நலம் கருதித் தொடங்கிய தொழில்கள் நட்டமடைந்தமையால் குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. 1887ஆம் ஆண்டில் அவருக்கு வாழ்க்கைத் துணையாய் வந்த அபலா அம்மையார், அவ்வறுமையை முகம் சுளியாது ஏற்றார். அவ்வம்மையார் மருத்துவம் பயிலும் விருப்பத்தால் வங்காளத்திலிருந்து நம் சென்னைக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் கற்று, உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாது திரும்பியவர். இருவர்தம் உறுதியும் வீண்போகவில்லை. இறுதியில் அரசினர் போஸின் தகுதியை உணர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கும் உரிய முழு ஊதியத்தையும் அவருக்கு அளித்தனர். அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது.

இந்நிலையில் மேனாட்டில் புதியதோர் ஆராய்ச்சி தோன்றி வளர்ந்துகொண்டிருந்தது. ஒளியும் மின்காந்த அலையும் ஓரினத்தைச் சேர்ந்தவை என்பதை 1860களில் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணிதத்தால் நிறுவியிருந்தார். 1888ஆம் ஆண்டிற்குள் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், மின்பொறியினின்று அத்தகைய அலைகள் எழுவதைச் சோதனை வாயிலாகக் காட்டினார். அவர் இளமையிலேயே 1894ஆம் ஆண்டு மறைந்தார். அவ்வாண்டில் ஆலிவர் லாட்ஜ் என்பார் ஹெர்ட்ஸின் பணியை விளக்கிச் சொற்பொழிவாற்றினார். அச்செய்திகள் போஸின் உள்ளத்தைக் கவர்ந்தன. 1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் 36ஆம் பிறந்தநாளன்று, எஞ்சிய வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஒப்படைப்பதென அவர் உறுதி பூண்டார்.

உறுதி பூண்டவருக்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டுமன்றோ? கல்லூரியில் அத்தகைய கூடம் இல்லை. குளியலறையை அடுத்திருந்த சிறியதோர் அறையே அவருக்குக் கிடைத்தது. பகற்பொழுது முழுவதும் வகுப்புகள். எஞ்சிய நேரமே ஆராய்ச்சிக்கு உரியது. கருவிகளுக்கு வேண்டிய பொருளைத் தம் கைப்பொருளைச் செலவிட்டே அவர் தேடினார். நுண்கருவி செய்வோர் கிடைக்காமையால், தகர வேலை செய்யும் கொல்லர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். அக்கொல்லர் கல்லூரியின் வாயிலை அறியாதவர்; மின்காந்த அலையைப் பற்றிக் கேள்வியுற்றிராதவர். ஆயினும் தகட்டை வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் அவர் கை அறிந்திருந்தது. போஸ் தாமே அருகிலிருந்து அளவு குறித்துக் கொடுத்தார். கொல்லர் செய்து முடித்தார். தொழிற்கூடத்தில் தொழிலாளரோடு பழகி வளர்ந்தவர் ஆதலின், தொழில் செய்வோருக்குத் தம் கருத்தை உணர்த்துவது அவருக்கு அரிதாய் இருக்கவில்லை.

அவர் எதிர்கொண்ட முதல் இடையூறு அலையின் அளவே. அக்காலத்தில் அறிஞர் பலர் ஆண்ட அலைகள் நீளமானவை. நீண்ட அலையை வளைக்கவும் குவிக்கவும் பெரிய பெரிய கண்ணாடிகளும் வில்லைகளும் முப்பட்டகங்களும் வேண்டும். சிற்றறையில் அவற்றை வைக்க இடமில்லை. செய்யப் பொருளும் இல்லை. ஆகவே போஸ் வேறு வழியை நாடினார். கருவியைப் பெரிதாக்குவதற்கு மாறாக அலையைச் சிறிதாக்கினார். 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள குறுகிய அலைகளை அவர் எழுப்பினார். அலை குறுகவே கருவியின் உறுப்புகளும் குறுகின. மேசைமீது வைக்கத்தக்க சிறிய கருவியைக் கொண்டே, ஒளியின் இயல்புகள் யாவும் மின்னலைக்கும் உண்டு என்பதை அவர் காட்டலானார். இடமின்மை என்னும் குறையே புதிய நெறி ஒன்றைக் காண வழியாயிற்று.

இனி, உறுப்புகளை அவர் எங்கெங்கே தேடிக் கண்டார் என்பதைக் காண்போம். அலையை எழுப்புவதற்கு மின்பொறி வேண்டும். சாதாரண உலோகக் குண்டுகளுக்கிடையே பொறி பாயும்போது அவற்றின் மேற்பரப்பு விரைவில் தேய்ந்து கெடும், அலையும் ஒழுங்கற்றதாகும். எனவே அவர் எளிதில் கெடாத பிளாட்டினத்தை அதற்குத் தேர்ந்தார். ஒரு சிறு பிளாட்டினக் குண்டு நடுவே அமைய, அதன் இருபுறமும் பொறி பாயுமாறு செய்தார். விலைமிக்க உலோகம் உண்மையாகவே தேவைப்பட்ட அவ்விடத்தில் அவர் சிக்கனம் பாராட்டவில்லை. மற்ற இடங்களில் எளிய பொருள்களே போதும் என்பதை அவர் கண்டறிந்தார்.

மின்னலையை வளைக்கும் முப்பட்டகத்திற்குக் கந்தகம் முதலிய பொருள்கள் உதவின. அலையின் அதிர்வைப் பல திசைகளினின்றும் பிரித்து ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் உறுப்பொன்று வேண்டியிருந்தது. அதற்கு அவர் கண்டது புகைவண்டிக் கால அட்டவணை நூல்! அந்நூலின் தாள்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகி வைத்தார். தகடுகளுக்கு இணையாக அதிரும் அலையை அது தடுத்தது. குறுக்காக அதிரும் அலையைச் செல்லவிட்டது. அலை அதிரும் தளத்தைத் திருப்புவதற்கு வேறோர் உறுப்புத் தேவைப்பட்டது. வங்காள நாட்டின் வயல்களில் மிகுதியாய் விளையும் சணலே அதற்கு உதவியது. சணல் நார்க்கற்றையை வலப்புறம் முறுக்கினால் அலையின் தளம் ஒருபுறம் திரும்பியது. இடப்புறம் முறுக்கினால் மறுபுறம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்புவதை ஒத்த நிகழ்ச்சி இது. மூட்டை கட்டும் சணலையும், பயணிகள் புரட்டும் நூலையும் ஆராய்ச்சிக் கருவியின் உறுப்புகளாகக் காண்பதற்கு எத்தகைய நுண்ணறிவு வேண்டும்!

எல்லாவற்றினும் அரிய பணி அலையை உணரும் உறுப்பை அமைப்பதே. இரும்புத் தூளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வைப்பது அன்றைய வழக்கம். மின்னலை படும்போது தூள்கள் ஒன்றோடொன்று பற்றி மின்னோட்டத்திற்கு வழிவிடும். ஆனால் அத்தூள் ஒருமுறை உணரும், மறுமுறை உணராது. அதனை நம்பி நுட்பமான அளவுகளை எடுத்தல் இயலாது. போஸ் தூளை நீக்கி, அதற்கு மாற்றாக மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள்களைப் பயன்படுத்தினார். சிறுசிறு சுருள்களை ஒன்றன்பக்கம் ஒன்றாக வரிசையாய் அடுக்கி, ஒரு திருகாணியால் அவற்றை வேண்டிய அளவுக்கு அழுத்துமாறு அமைத்தார். சுருள்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களே அலையை உணர்ந்தன. அழுத்தத்தையும் மின்கலத்தின் அழுத்த அளவையும் சீர்செய்து கருவியின் உணர்வை மிகுவித்தார். ஈரமும் வெப்பமும் மிகுந்த வங்காளத்துக் காற்றில் எஃகு துருப்பிடிக்கும் என்ற இடையூறும் எழுந்தது. சுருள்களின்மீது கோபால்ட் என்னும் உலோகத்தைப் பூசி அதனையும் அவர் வென்றார். குளிர்நாட்டில் அமைந்த கருவியை அவ்வாறே படியெடுக்காது, தம் நாட்டின் காற்றுக்கேற்பத் திருத்தி அமைத்ததே அவர்தம் சிறப்பு.

1895ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில், துணை ஆளுநர் முன்னிலையில், போஸ் தம் கருவியின் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்டினார். ஓர் அறையில் எழுந்த மின்னலை, இடையில் நின்ற சுவர்களையும் துணை ஆளுநரின் உடலையும் ஊடுருவிச் சென்று, 75 அடி தொலைவில் வைத்திருந்த மணியை ஒலிக்கச் செய்தது; வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. கம்பியின் தொடர்பு எதுவுமின்றி நிகழ்ந்த இவ்வற்புதத்தைக் கண்டு அவையோர் வியந்தனர். அவ்வாண்டிலேயே அவர்தம் ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று வங்காள ஆசியக் கழகத்தில் படிக்கப்பெற்றது. ராலே பிரபுவின் வாயிலாக இலண்டன் அரச கழகத்திற்கும் அவர்தம் ஆராய்ச்சி எட்டியது. 1896ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் டாக்டர் பட்டம் வழங்கியது.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கல்கத்தாவில் வெளிவந்த ஆங்கில நாளிதழ் ஒன்று ஒரு கருத்தை வெளியிட்டது. போஸ் தம் அலையுணர் கருவியை நிறைவுபெறச் செய்து உரிமையும் பெறுவாராயின், உலகிலுள்ள கலங்கரை விளக்க முறை முழுவதுமே மாறிவிடும் என்பது அதன் கருத்து. பனியை ஊடுருவிச் செல்லும் அலையைக் கப்பல் உணருமாயின் மாலுமிகள் அச்சம் நீங்குவர் அன்றோ? ஆனால் உரிமை பெறுதலையும் பொருள் ஈட்டுதலையும் போஸ் நாடவில்லை. 1897ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் இலண்டன் அரச நிறுவனத்தில் அவர் சொற்பொழிவாற்றினார். தம் கருவியின் அமைப்பு முழுவதையும் ஒளிவுமறைவின்றி அங்கே விளக்கினார். பெருஞ்செல்வம் ஈட்டித் தரத்தக்க ஒன்றை இவ்வாறு வெளிப்படையாகக் கூறிவிட்டாரே என்று மின்னியல் இதழ் ஒன்று வியப்புத் தெரிவித்தது.

போஸ் மேலும் ஆராய்ந்தார். ஒருமுறை உணர்ந்தபின் தட்டிக் கொடுத்தாலன்றி மீண்டும் உணராத குறை பழைய குழாய்களுக்கு இருந்தது. தானே பழைய நிலைக்கு மீளும் உறுப்பொன்றை அவர் அமைத்தார். சிறிய கிண்ணத்தில் பாதரசம். அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். படலத்தைத் தொடுமாறு இரும்புத் தட்டு. தொலைபேசியின் ஒலிக்கருவியை அதனுடன் இணைத்தால் அலையின் வரவைச் செவியாலேயே கேட்கலாம். 1899ஆம் ஆண்டு இதனை அரச கழகத்தின் வாயிலாக அவர் வெளியிட்டார். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த கம்பியில்லாத் தந்திக் குறிகளைத் தாம் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அப்போது அவர் பயன்படுத்தியதும் பாதரசமும் தொலைபேசி ஒலிக்கருவியும் கொண்டதோர் உறுப்பே. இத்தாலியக் கடற்படையைச் சார்ந்த நண்பர் வாயிலாக அது அவருக்குக் கிடைத்தது. அதன் அமைப்புப் போஸ் முன்னரே வெளியிட்ட அமைப்பை ஒத்தது என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

இதனால் மார்க்கோனியின் உழைப்பைக் குறைத்து மதித்தல் தகாது. நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பும் முறையை வளர்த்து, வணிகத்திற்கும் கப்பலுக்கும் பயன்படுத்திய பெருமை அவருக்கு உரியது. போஸின் நோக்கமோ வேறு. அலையின் இயல்பை அறிவதே அவர் வேட்கை. ஆயினும் ஒரு கண்டுபிடிப்பு ஒருவர் கையால் மட்டும் உருவாவதில்லை என்பதையும், புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சியின் பின்னே புகழ்பெறாத பலர் உழைப்பு மறைந்திருக்கும் என்பதையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

கனிமப் பொருள்களிலும் போஸின் நாட்டம் சென்றது. காரீயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமம் நிலத்தில் இயற்கையாய்க் கிடைப்பது. அதன் பளபளக்கும் பரப்பில் ஓர் உலோக முனை தொடுமாறு வைத்தால், அது மின்னலையை உணரும் என்று அவர் கண்டார். 1901ஆம் ஆண்டில் செல்வம் மிக்க தந்திக் குழு ஒன்றின் உரிமையாளர் அவரை நாடி வந்து, கண்டுபிடிப்புகளுக்கு உரிமை பெற்றால் இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறினார். போஸ் மறுத்துவிட்டார். ஆராய்ச்சியாளன் உள்ளத்தில் பொருளாசை ஒருமுறை புகுந்துவிட்டால் பின்னர் அதினின்று விடுதலை இல்லை என அவர் அஞ்சினார். எனினும் நிவேதிதை அம்மையாரும், அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தவே, கலீனா உறுப்பிற்கு மட்டும் அமெரிக்க நாட்டில் காப்புரிமை கோர இசைந்தார். 1904ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் அவ்வுரிமை வழங்கப்பெற்றது. இன்று உலகெங்கும் பயன்படும் குறைகடத்திக் கருவிகளுக்கு முன்னோடியாக அதனை அறிஞர் போற்றுகின்றனர். ஆனால் போஸ் அவ்வுரிமையால் பொருள் ஈட்டாமலே அதனைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

அவர் பொருள் ஈட்டவில்லை. உலகம் பயன் பெற்றது. 1920களில் வானொலி பரவியபோது, பல நாடுகளில் எளிய மக்கள் தம் இல்லத்திலேயே ஏற்கும் கருவிகளைச் செய்துகொண்டனர். அட்டைக் குழாயின்மீது சுற்றிய கம்பிச் சுருள், ஒரு கலீனாத் துண்டு, அதனைத் தொடும் நுண்ணிய கம்பி முனை, காதில் வைத்துக் கேட்கும் ஒலிக்கருவி, மரத்திற்கு மரம் கட்டிய நீண்ட கம்பி ஆகிய இவையே அதன் உறுப்புகள். மின்கலமும் அதற்கு வேண்டியதில்லை. குறைந்த அதிர்வெண்ணுள்ள நீண்ட அலையைக் கேட்க விரும்பியவர் சுருளில் சுற்றுகளை மிகுதியாக்கினர். உயர்ந்த அதிர்வெண்ணைக் கேட்க விரும்பியவர் சுற்றுகளைக் குறைத்தனர். சிறுவரும் செய்யத்தக்க அக்கருவியின் நெஞ்சமாய் விளங்கியது, போஸ் முன்னர்ச் சோதித்த கனிமமே.

கலங்கரை விளக்கத்தைப் பற்றிய அந்நாளிதழின் கனவும் ஒருவாறு நனவாயிற்று. 1921ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்கரையில் வானொலிக் கலங்கரைகள் இயங்கத் தொடங்கின. பின்னர்ப் பிற நாட்டுக் கரைகளிலும் அவை தோன்றின. அவை அனுப்பியவை போஸ் ஆராய்ந்த குறுகிய அலைகள் அல்ல. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் நீளமுள்ள, குறைந்த அதிர்வெண் அலைகள். அவ்வலைகள் கடல்மீது நெடுந்தொலைவு செல்ல வல்லவை. கப்பலில் இருந்த சட்டக ஏரியலைத் திருப்பி, குறி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மாலுமிகள் அறிந்தனர். மூடுபனி கண்ணை மறைத்தபோதும் கரை தன் இருப்பிடத்தை அறிவித்தது.

பிற்காலத்தில் போஸின் உள்ளம் செடிகொடிகளின்பால் சென்றது. தாவரங்களின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அவர் அமைத்தார். அக்கருவிகளையும் இந்தியத் தொழிலாளரைக் கொண்டே செய்வித்தார். 1917ஆம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள், தமக்குக் கிடைக்காத ஆராய்ச்சிக்கூடம் பின்வரும் இளைஞர்க்குக் கிடைக்கவேண்டும் என்னும் எண்ணத்துடன், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை அவர் நிறுவினார். 1920ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், கிரிடி என்னும் ஊரில் அவர் இயற்கை எய்தினார்.

அவர்தம் கைப்பட உருவான கருவிகள் இன்றும் அந்நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவர் ஆண்ட மில்லிமீட்டர் அலைகள் நெடுங்காலம் பயனற்றவைபோல் கிடந்து, பின்னர் வானியல் ஆராய்ச்சிக்கும் செய்தித் தொடர்புக்கும் பெரிதும் பயன்படலாயின. 2012ஆம் ஆண்டில் மின்னியல், மின்னணுவியல் பொறியாளரின் உலக நிறுவனம், கல்கத்தாவில் அவர் செய்த அச்சோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கல் என அறிவித்துச் சிறப்பித்தது.

மாணவர்களே! வசதி இல்லை, கருவி இல்லை, உறுப்புகள் கிடைக்கவில்லை என்று கூறி நல்லதொரு முயற்சியைக் கைவிடுவது எளிது. போஸுக்கும் அவ்வாறு கூறக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் அவர் இல்லாததை எண்ணி வருந்தாது, இருப்பதை ஊன்றி நோக்கினார். வயலில் விளைந்த சணலும், நூலின் தாளும், மண்ணில் கிடந்த கனிமமும், தகரக் கொல்லரின் கைத்திறனும் அவர் கண்ணுக்குக் கருவியின் உறுப்புகளாகத் தோன்றின. நீங்களும் உங்களைச் சூழ்ந்துள்ள எளிய பொருள்களை அவ்வாறு நோக்கப் பழகுங்கள்; கைத்தொழில் செய்வோரை மதியுங்கள்; கற்றதைக் கையால் செய்து பாருங்கள். சிற்றறையும் அப்போது பெரிய ஆராய்ச்சிக்கூடமாகும்.